பி.பி. இறங்கியது, கிட்னி சரிவது நிற்கவில்லை: ஆஸ்க் ஆய்வும் அதற்குப் பின்னும்

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 13 சதவீதம்தான். ஆனால் அங்கே டயாலிசிஸில் இருப்பவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் கறுப்பர். இந்த வித்தியாசம் நேற்று இன்று தெரியவந்ததல்ல. அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் நகரம் இருக்கும் ஜெஃபர்சன் கவுண்டியில், கிட்னி முழுவதும் செயலிழந்து சிகிச்சைக்கு வந்தவர்களை இனவாரியாகக் கணக்கெடுத்து 1982-ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் வெள்ளையரைவிடக் கறுப்பருக்கு நாலு மடங்கு ஆபத்து. 'காரணம்: உயர் ரத்த அழுத்தம்' என்று குறிக்கப்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் அது 17.7 மடங்கு.

இவ்வளவு பெரிய எண் வந்தால் இரண்டு விதமாக யோசிக்கலாம். கறுப்பரின் கிட்னியை ரத்த அழுத்தம் வேறு மாதிரித் தாக்குகிறது என்பது ஒன்று. அந்தக் காரணத்தை எழுதிய விதத்திலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்பது இன்னொன்று. மருத்துவ உலகம் முதலாவதைத்தான் எடுத்துக்கொண்டது. கறுப்பருக்கு பி.பி. அதிகம், கவனிப்பு குறைவு, அதனால் கிட்னி போகிறது, ஆகவே பி.பி.யை நன்றாக இறக்கினால் கிட்னி பிழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

அதைச் சோதிக்கத்தான் ஆஸ்க் ஆய்வு வந்தது. 'ஆப்பிரிக்க அமெரிக்கர் கிட்னி நோய் மற்றும் உயர் ரத்த அழுத்த ஆய்வு' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பணத்தில், 21 மையங்களில், 1995 முதல் 1998 வரை 1,094 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் 18 முதல் 70 வயதுக்குள் இருந்த கறுப்பினத்தவர். எல்லோருக்கும் உயர் ரத்த அழுத்தம் உண்டு, கிட்னியின் வடிகட்டும் திறன் (நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கில்) 20-க்கும் 65-க்கும் இடையில் இறங்கியிருந்தது. சர்க்கரை நோய் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. சிறுநீரில் புரதம் மிக அதிகமாகப் போனவர்களையும் சேர்க்கவில்லை. வேறு கிட்னி நோய்கள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக இந்தக் கவனம்.

இதற்கு முன்னோட்டமாக ஒரு சின்ன வேலையும் செய்தார்கள். நோயாளிகளின் கிட்னியிலிருந்து துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 39 பேருக்குச் செய்த பயாப்சியில் 38 பேருக்கு ரத்தக்குழாய்ச் சுவர் தடித்து, வடிகட்டிகள் தழும்பாகியிருந்தன. சரி, இது பி.பி.யால் வந்ததுதான் என்று திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஆனால் தழும்பைப் பார்த்து, தழும்பு எதனால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. கிட்னி முதலில் கெட்டு, அதனால் பி.பி. ஏறினாலும் கடைசியில் நுண்ணோக்கியில் கிட்டத்தட்ட இதே காட்சிதான் தெரியும். இந்த ஓட்டையை அப்போது பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆய்வின் அமைப்பு நேர்த்தியானது. ஒரு பாதிக்கு வழக்கமான இலக்கு, அதாவது 140/90-ஐ ஒட்டி. இன்னொரு பாதிக்குக் கடுமையான இலக்கு, 125/75-ஐ ஒட்டி. மருந்திலும் மூன்று பிரிவு: ராமிப்ரில், மெட்டோப்ரோலால், அம்லோடிபின். மூன்றுமே நம்மூர் மருந்துக்கடைகளில் தினமும் புரளும் மாத்திரைகள். கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை, ரத்தத்தில் தேங்கும் கிரியாட்டினின் என்ற கழிவை வைத்து உத்தேசமாகச் சொல்லாமல், அயோதலமேட் என்ற பொருளை உடலில் செலுத்தி நேரடியாகவே அளந்தார்கள்.

அம்லோடிபின் பிரிவை 2000 செப்டம்பரிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. கறுப்பினத்தவருக்கு பி.பி.யை நன்றாக இறக்கும் மருந்து என்று பெயர் வாங்கியது அது. இறக்கவும் செய்தது. ஆனால் சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தவர்களின் கிட்னி, ராமிப்ரில் எடுத்தவர்களைவிட வேகமாகச் சரிந்தது. 2002-ல் முழு முடிவும் வந்தது. கிட்னியின் திறன் வெகுவாகக் குறைவது, டயாலிசிஸ், மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், மெட்டோப்ரோலாலைவிட ராமிப்ரிலுக்கு 22 சதவீதமும் அம்லோடிபினைவிட 38 சதவீதமும் ஆபத்து குறைவு. 'கறுப்பருக்கு ஏ.சி.இ. மருந்து வேலை செய்யாது' என்று வாய்வழியாக உலவிய பேச்சுக்கு இது நல்ல அடி; ராமிப்ரில் அந்த ஏ.சி.இ. வகைதான். பி.பி.யை இறக்குவதில் அந்த மருந்து அவர்களிடம் கொஞ்சம் பின்தங்குவது உண்மைதான். ஆனால் கிட்னியைக் காப்பது வேறு விஷயம். அந்தப் பேச்சை நம்பி எத்தனை பேருக்கு இந்த மாத்திரையை எழுதாமல் விட்டார்களோ.

எதிர்பார்ப்பு உடைந்தது இலக்கு விஷயத்தில்தான். கடுமையான இலக்குப் பிரிவில் சராசரி பி.பி. 128/78 வரை இறங்கியது. மற்றப் பிரிவில் 141/85. இருபது வருஷம் நெப்ராலஜிஸ்ட்கள், அதாவது கிட்னி டாக்டர்கள், கனவு கண்ட வித்தியாசம் அது. ஆனாலும் கிட்னி சரிந்த வேகம் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றே. 2002-க்குப் பிறகும் இவர்களில் பலரை விடாமல் தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் ராமிப்ரில் வகை மருந்து, எல்லோருக்கும் 130/80-க்குக் கீழ் என்ற இலக்கு. அப்படியிருந்தும் பத்து வருஷக் கணக்கில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, சுமார் 54 சதவீதம் பேருக்கு, கிரியாட்டினின் இரட்டிப்பானது, அல்லது டயாலிசிஸ் தேவைப்பட்டது, அல்லது இறந்தார்கள். நல்ல மருந்து, நல்ல கவனிப்பு, நல்ல பி.பி. எல்லாம் இருந்தும் இந்த நிலை. 2010-ல் வந்த நீண்டகால முடிவில், சிறுநீரில் புரதம் கூடுதலாகப் போனவர்களுக்கு மட்டும் கடுமையான இலக்கு கொஞ்சம் உதவியதாகத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

பி.பி.தான் காரணம் என்றால், பி.பி. இறங்கிய பிறகும் கிட்னி ஏன் சரிகிறது?

இங்கே அந்த 17.7-க்குப் பின்னால் இருக்கும் காகிதத்தைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1972-ல் வந்த சட்டத்தால், டயாலிசிஸ் தேவைப்படும் ஏறக்குறைய எல்லோருக்கும் வயது பார்க்காமல் மத்திய அரசின் மெடிகேர் என்ற காப்பீட்டுத் திட்டம் பணம் தருகிறது. பணம் வர ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'முதன்மைக் காரணம்' என்று ஓர் இடம். நோயாளி வந்து சேரும்போது கிட்னி பெரும்பாலும் சுருங்கிப்போயிருக்கும், பயாப்சி செய்ய வழியிருக்காது. சர்க்கரை இல்லை, பி.பி. ஏறியிருக்கிறது, நோயாளி கறுப்பர். டாக்டர் என்ன எழுதுவார்?

அதையே ஒரு குழு சோதித்துப் பார்த்து 1995-ல் வெளியிட்டது. சிறுநீரக மருத்துவர்களிடம் நோயாளி விவரக் குறிப்புகளைக் கொடுத்துக் காரணத்தைக் கேட்டார்கள். குறிப்புகள் ஒன்றுதான், இனம் மட்டும் சிலருக்கு 'கறுப்பர்', சிலருக்கு 'வெள்ளையர்' என்று மாறியிருந்தது. 'கறுப்பர்' என்று இருந்தபோது, ரத்த அழுத்தத்தால் வந்த கிட்னி செயலிழப்பு என்ற முடிவு ஏறக்குறைய இரண்டு மடங்கு அடிக்கடி வந்தது. அப்புறம் அதே படிவங்களைக் கூட்டி, 'பார்த்தீர்களா, கறுப்பருக்கு பி.பி.யால்தான் கிட்னி போகிறது' என்று புள்ளிவிவரம் போட்டால், நாம் உள்ளே போட்டதுதானே வெளியே வரும்?

அதற்காக வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1973-75-ல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பரிசோதித்து, பல வருஷம் தொடர்ந்த எம்.ஆர்.எஃப்.ஐ.டி. என்ற பெரிய ஆய்வில், கறுப்பருக்கு ஒரு லட்சம் ஆள்-வருஷத்துக்கு (ஒரு லட்சம் பேரை ஒரு வருஷம் கவனித்ததற்குச் சமம்) 44 பேர் கிட்னி செயலிழப்புக்குப் போனார்கள், வெள்ளையருக்கு 14 பேர். பி.பி., சர்க்கரை, புகை, வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியது. இந்த மிச்சம் என்ன என்பதுதான் கேள்வி.

விடையின் ஒரு பகுதி 22-வது குரோமோசோமில் இருந்தது. 2008-ல் முதலில் பக்கத்து வீட்டைத் தட்டினார்கள்: எம்.ஒய்.எச்.9 என்ற மரபணுதான் குற்றவாளி என்றார்கள். 2010-ல் தெரிந்தது, ஆள் அடுத்த கதவு. பெயர் ஏ.பி.ஓ.எல்.1. இந்த மரபணு செய்யும் புரதம் நம் ரத்தத்தில் நல்ல கொழுப்போடு சுற்றிவரும். வேலை என்னவென்றால், ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் டிரிபனோசோம் கிருமிக்குள் புகுந்து, துளை போட்டு, அதை வீங்கவைத்து வெடிக்கச் செய்வது. அதில் ஒரு வகைக் கிருமி, இந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் தந்திரத்தைக் கற்றுக்கொண்டது. பதிலுக்கு மனிதரிடம் ஜி1, ஜி2 என்ற இரண்டு மாற்று வடிவங்கள் வந்தன. கிருமியால் அந்த வடிவங்களைப் பிடிக்க முடியவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அவை பரவிப் பெருகின. பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி மட்டும் கிடைத்தால் லாபம்தான். இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி சேர்ந்தால் கிட்னியின் வடிகட்டிச் செல்கள் ஆபத்துக்கு உள்ளாகின்றன.

அமெரிக்கக் கறுப்பரில் சுமார் 13 சதவீதம் பேரிடம் இரண்டு பிரதியும் உண்டு. ஐரோப்பியரிடமும் ஆசியரிடமும் இது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எத்தியோப்பியரிடமும் இது காணப்படுவதில்லை. எச்.ஐ.வி.யோடு வரும் குறிப்பிட்ட கிட்னி நோயும் அவர்களிடம் அரிது. நைஜீரியாவிலிருந்து வந்தவரையும் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவரையும் அமெரிக்கப் படிவம் ஒரே கட்டத்தில் போடுகிறது. மரபணு அப்படிப் போடுவதில்லை. ஆகவே இதை 'கறுப்பர் மரபணு' என்று சொல்வது சோம்பேறித்தனம்.

கிட்னி நன்றாக இருக்கும்வரை இந்த மரபணு வடிவங்களுக்கும் பி.பி.க்கும் வலுவான தொடர்பு தெரியவில்லை. ஆனால் 'பி.பி.யால் வந்த கிட்னி செயலிழப்பு' என்று பெயர் சூட்டப்பட்டவர்களிடம் இரண்டு பிரதியும் இருப்பது பல மடங்கு அதிகம். அதாவது பலருக்கு நடந்தது தலைகீழ். கிட்னி உள்ளுக்குள் முதலில் கெட ஆரம்பித்தது, பி.பி. பின்னால் ஏறியது. டாக்டர் பார்த்தபோது இரண்டும் ஒன்றாக இருந்தன, பழி பி.பி.க்குப் போனது.

ஆஸ்க் ஆய்வில் சேர்ந்தவர்களிடம் எடுத்து வைத்திருந்த ரத்த மாதிரிகள் இப்போது கைகொடுத்தன. 693 பேரின் மரபணுவைப் பார்த்ததில் 23 சதவீதம் பேரிடம் இரண்டு பிரதியும் இருந்தது. அவர்களில் 58 சதவீதம் பேருக்குக் கிட்னியின் திறன் பாதியாகக் குறைந்தது அல்லது முழுக்கச் செயலிழந்தது. மற்றவர்களில் அது 37 சதவீதம். 2013-ல் வெளியான இந்த முடிவில் இன்னொரு விஷயமும் இருந்தது: ராமிப்ரிலோ கடுமையான பி.பி. இலக்கோ இந்த மரபணு ஆபத்தை மாற்றவில்லை. 2002-ல் விடை கிடைக்காமல் நின்ற கேள்விக்கு அதே நோயாளிகளின் ரத்தத்திலிருந்தே ஒரு பாதி விடை கிடைத்தது.

பாதிதான். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆஸ்க்கில் நாலில் மூன்று பேரிடம் அந்த இரண்டு பிரதி இல்லை. அவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குக் கிட்னியின் திறன் பாதியாகக் குறைந்தது அல்லது செயலிழந்தது. அதே மாதிரி, இரண்டு பிரதியும் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்கக் கிட்னிக்கு ஒன்றும் ஆவதில்லை. மரபணு மட்டும் போதாது, மேலே ஏதோ ஒன்று வந்து விழ வேண்டும்: எச்.ஐ.வி., லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), வேறு தொற்று, அல்லது இன்னும் பெயர் வைக்காத ஏதாவது.

சரி, பி.பி.யே ஏன் அவர்களுக்கு அதிகம்? 130/80 என்ற அளவுகோலில் பார்த்தால் அமெரிக்கக் கறுப்பின வயதுவந்தோரில் பாதிக்கு மேல் உயர் ரத்த அழுத்தக்காரர்கள். இதற்கும் ரத்தத்தில்தான் காரணம் என்று நினைப்பவர்கள், ரிச்சர்ட் கூப்பரும் சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஒப்பீட்டைப் பார்க்க வேண்டும். 140/90 கணக்கில், நைஜீரியக் கறுப்பரிடம் உயர் ரத்த அழுத்தம் சுமார் 14 சதவீதம், அமெரிக்கக் கறுப்பரிடம் 44. வெள்ளையரில் அமெரிக்காவில் 27, ஜெர்மனியில் 55. ஒரே மூதாதையர் வழி வந்தவர்களிடம் மூன்று மடங்கு வித்தியாசம் வருகிறது, ஜெர்மன் வெள்ளையர் அமெரிக்கக் கறுப்பரையும் தாண்டுகிறார்கள். உப்பு, உடல் எடை, வேலை, குடியிருக்கும் இடம், அன்றாடம் சந்திக்கும் அவமதிப்பு என்று நீளும் பட்டியலில் எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஆனால் தோல் நிறத்தோடு ஒட்டிப் பிறந்த பி.பி. என்று ஒன்று கிடையாது.

சிகிச்சையின் கதையும் இப்படித்தான். கறுப்பினத்தவர் மாத்திரை எடுப்பதில் பின்தங்கியவர்கள் அல்ல, ஆனால் பி.பி. கட்டுக்குள் இருப்பவர்கள் குறைவு. ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர் இதை லாஸ் ஏஞ்சலிஸ் முடிதிருத்தும் கடைகளில் வைத்துப் பார்த்தார். கறுப்பின ஆண்கள் டாக்டரிடம் போகிறார்களோ இல்லையோ, தங்கள் முடிதிருத்துபவரிடம் தவறாமல் போவார்கள். வருஷக்கணக்கில் ஒரே கடை, ஒரே ஆள். 52 கடைகள், 319 வாடிக்கையாளர்கள். பாதிக் கடைகளில் முடிதிருத்துபவர் பி.பி. பார்த்து, 'டாக்டரைப் பாருங்கள்' என்று சொல்வதோடு சரி. மீதிக் கடைகளில் பயிற்சி பெற்ற மருந்தாளுநரே வந்து உட்கார்ந்து, அவரவர் டாக்டரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி அங்கேயே மாத்திரை எழுதி, கூட்டிக் குறைத்து, ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொண்டார். மேல் எண் சராசரியாக 153-ல் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் 27 புள்ளி இறங்கியது. 'டாக்டரைப் பாருங்கள்' என்று மட்டும் சொன்ன கடைகளில் 9 புள்ளி. 130/80-க்குக் கீழே வந்தவர்கள் 64 சதவீதம், மற்றதில் 12. 2018-ல் வந்த முடிவு இது. புது மருந்து எதுவும் கிடையாது. அதே அம்லோடிபின் வகையறாதான். 'கறுப்பருக்கு பி.பி. அடங்காது' என்று பேசியவர்கள் இதைப் பார்த்து என்ன சொன்னார்களோ தெரியவில்லை.

இதற்கிடையில் இன்னொரு பக்கம், இனம் கணக்குச் சமன்பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியாட்டினினுக்குக் கீழே ஈ.ஜி.எஃப்.ஆர். என்று கிட்னியின் வடிகட்டும் திறனுக்கு ஓர் எண் போடுகிறார்களே, அது நேரடியாக அளந்ததல்ல. கிரியாட்டினின், வயது, பாலினம் மூன்றையும் போட்டுச் சமன்பாடு தரும் உத்தேசம். 1999-ல் வந்த சமன்பாட்டில் 'நோயாளி கறுப்பர் என்றால் 1.18-ஆல் பெருக்கு' என்று இருந்தது. 2009-ல் வந்த புதியதில் 1.159. இதைக் கட்டியதில் ஆஸ்க் தரவும் உண்டு. ஒரே வடிகட்டும் திறனுக்குக் கறுப்பரிடம் கிரியாட்டினின் சராசரியாகக் கூடுதலாக இருந்தது என்பது அவர்கள் கண்ட விஷயம். 'தசை அதிகம்' என்று சொன்ன விளக்கத்துக்குத்தான் ஆதாரம் சொற்பம்.

இதன் விளைவைப் பார்க்க ஒரு கணக்கு போடலாம். 50 வயது ஆண், கிரியாட்டினின் 3.6. 2009 சமன்பாட்டில் வெள்ளையர் என்றால் 18.6, கறுப்பர் என்றால் 21.5. அமெரிக்காவில் கிட்னி மாற்றுப் பட்டியலில் காத்திருப்பு நேரம் ஓடத் தொடங்கும் கோடு 20. ஒரே ரத்தம், ஒரே எண், ஒருவர் வரிசையில் நின்றார், இன்னொருவரைப் பிறகு வா என்றார்கள். காத்திருப்பு வருஷக்கணக்கில் போகும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

2017-ல் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை இந்தப் பெருக்கலைக் கைவிட்டது. மருத்துவ மாணவர்கள் பல ஊர்களில் கேள்வி எழுப்பினார்கள். தேசிய கிட்னி அறக்கட்டளையும் அமெரிக்க நெப்ராலஜி சங்கமும் சேர்ந்து அமைத்த குழு, 2021 செப்டம்பரில் இனம் இல்லாத புதுச் சமன்பாட்டைப் பரிந்துரைத்தது. அதில் நம் 50 வயதுக்காரருக்கு, அவர் யாராக இருந்தாலும், 19.7. இதிலும் ஒரு விலை இருக்கிறது: கறுப்பருக்கு எண் கொஞ்சம் குறைவாகவும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் தப்புகிறது. சிஸ்டாட்டின்-சி என்ற இன்னொரு பொருளையும் சேர்த்து அளந்தால் தப்பு குறையும், அதற்குச் செலவு கூடும்.

2023 ஜனவரியில் அமெரிக்க உறுப்பு மாற்று வலையமைப்பு, பழைய சமன்பாட்டால் தாமதப்பட்ட கறுப்பின நோயாளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்கள் இழந்த நாட்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எல்லா மாற்று மையங்களுக்கும் உத்தரவிட்டது. 2024 மார்ச் வரை 14,000-க்கும் மேற்பட்டோருக்குக் காத்திருப்புக் கணக்கு திருத்தப்பட்டது, சராசரியாக இரண்டு வருஷம். மருத்துவத்தில் ஒரு பழைய கணக்கை இப்படிப் பின்னோக்கிச் சென்று சரிசெய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆஸ்க்கில் சேர்ந்தவரைப் போன்ற ஒருவர் இன்று வந்தால் என்ன நடக்கும்? முதலில் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்ப்பார்கள். அது போகிறது என்றால் ராமிப்ரில் வகை மருந்து, அவர் எந்த இனமாக இருந்தாலும். மேற்கு ஆப்பிரிக்க வழி வந்தவராக இருந்தால், குடும்பத்தில் டயாலிசிஸ் கதை இருந்தால், ஏ.பி.ஓ.எல்.1 பரிசோதனையைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். அந்தப் புரதத்தையே அடைக்கும் இனாக்ஸாப்ளின் என்ற மருந்து, இரண்டு பிரதியும் இருந்த சிலரிடம் நடத்திய சின்ன இரண்டாம்கட்டச் சோதனையில் சிறுநீர்ப் புரதத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. 2023-ல் வந்த முடிவு. அதற்குப் பிறகு பெரிய சோதனைக்குப் போயிருக்கிறது.

தங்கையோ தம்பியோ கிட்னி தர முன்வந்தால்தான் சிக்கல். ஒரே பெற்றோர் என்பதால் அவரிடமும் இரண்டு பிரதி இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று மட்டும் இருந்தால் மையங்கள் பொதுவாகத் தயங்குவதில்லை. இரண்டும் இருந்து வயதும் முப்பதுக்குள் என்றால், மீதி இருக்கும் ஒற்றைக் கிட்னி பின்னாளில் தாங்குமா என்று யோசித்துப் பல மையங்கள் மறுத்துவிடுகின்றன. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் என்ன ஆகிறது என்பதை அப்போலோ என்ற ஆய்வு அமெரிக்கா முழுக்கப் பின்தொடர்கிறது. நம்மூர் மருத்துவமனைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.